காக்கும் பொருளே கெடுக்கும்போது

1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. கட்டடத்தைச் சூடாக்கக் குழாய் வழியே வந்த இயற்கை எரிவாயு கசிந்து, தரைக்கு அடியில் நிறைந்திருந்தது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. கசிவை யாரும் உணரவில்லை. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். எரிவாயுவில் நாற்றம் வீசும் பொருளைக் கலந்தே தீர வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் இயற்றியது அந்தத் துயரத்துக்குப் பிறகுதான். பின்னர் அது உலகெங்கும் வழக்கமாயிற்று. நம் சமையலறை சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே ஒரு நெடி, அது எரிவாயுவின் நெடி அல்ல. வேண்டுமென்றே சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தின் நெடி.

அதே 1937இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் எமில் பவுர், ஹான்ஸ் பிரைஸ் என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். திடமான பீங்கான் பொருளையே மின்பகுளியாக வைத்து, சுமார் 1000 டிகிரி செல்சியஸில் இயங்கும் எரிபொருள் மின்கலம் பற்றியது அது. இன்று திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம் என்று நாம் அழைப்பதன் மூதாதை. டெக்சாஸில் உயிர்களைக் காப்பதற்காக எரிவாயுவில் சேர்ந்த கந்தகம், ஜூரிக்கில் பிறந்த இந்த மின்கலத்துக்குப் பெரும் நஞ்சாக அமையப்போகிறது என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

இந்த மின்கலத்தைக் கெடுக்கும் மாசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒன்று என்னைத் திரும்பத் திரும்ப வியக்கவைக்கிறது. அவற்றில் பல, வேறோர் இடத்தில் நம்மைக் காக்கும் பொருள்கள். கந்தகம் கசிவை அறிவிக்கிறது. குரோமியம் எஃகைத் துருவிலிருந்து காக்கிறது. அங்கே அவற்றுக்குப் பெருமை தேடித்தரும் அதே வேதிக் குணம்தான் இங்கே கேடாகிறது. ஆகவே இவற்றை ஒழித்துவிட முடியாது. எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

மின்கலத்தின் உள்ளே நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். நடுவில் மின்பகுளியாக ஒரு மெல்லிய பீங்கான் தகடு. சிர்க்கோனியாவில் (சிர்க்கோனியம் ஆக்சைடு) சிறிது இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்து சுட்டது. ஒவ்வொரு இரண்டு இட்ரியம் அணுக்களுக்கும் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிவிடும். வெப்பம் மிகுந்தால் ஆக்சிஜன் அயனிகள் இந்தக் காலியிடங்களில் தாவித் தாவித் தகட்டைக் கடந்துவிடும். எலக்ட்ரான்களால் கடக்க முடியாது. இந்தக் கலவையின் மின்கடத்தும் குணத்தை 1890களின் இறுதியிலேயே வால்டர் நெர்ன்ஸ்ட் கண்டறிந்து, அதைக் கொண்டு விளக்கே செய்தார். தகட்டின் ஒரு பக்கம் காற்று மின்முனை; அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பெற்று அயனியாகிறது. மறுபக்கம் எரிபொருள் மின்முனை. தகட்டைக் கடந்து வந்த அயனிகள் அங்கே ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவியாகி, எலக்ட்ரான்களை விட்டுவிடுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியே ஓடுவதுதான் மின்சாரம். ஒரு கலத்திலிருந்து ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும் என்பதால், பல கலங்களை அடுக்கி இடையிடையே உலோகத் தகடுகளால் இணைக்கிறார்கள். அந்த உலோகத் தகட்டை நினைவில் வைத்திருங்கள்.

எரிபொருள் மின்முனை நிக்கலும் சிர்க்கோனியாவும் கலந்த, நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருள். துளை வழியே வாயு வரும். நிக்கல் வழியே எலக்ட்ரான் போகும். சிர்க்கோனியா வழியே அயனி வரும். மூன்றும் ஒரே புள்ளியில் கூடினால்தான் வினை நடக்கும். மூன்று தெருக்கள் சேரும் முச்சந்தி அது. மின்முனையின் உடம்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேலை நடப்பது இந்த முச்சந்திகளில்தான். மாசு முழு மின்முனையையும் அழிக்கத் தேவையில்லை. முச்சந்தியை மறித்துக்கொண்டு நின்றாலே போதும்.

கந்தகம் செய்வது இதைத்தான். எரிவாயுவில் உள்ள மெர்காப்டன் போன்ற சேர்மங்கள் வெப்பத்திலும் ஹைட்ரஜனிலும் பட்டு ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அது நிக்கலின் மேற்பரப்பைத் தொட்டதும் பிரிந்து, கந்தக அணு நிக்கலில் ஒட்டிக்கொள்ளும். நிக்கலுக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானது. ஹைட்ரஜன் வந்து உட்கார வேண்டிய இடத்தில் கந்தகம் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் வினைக்குப் பயன்படாது.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு கந்தகம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர சென்டிமீட்டரில் அரை ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறோம் என்று கொள்வோம். இது வழக்கமான அளவுதான். அதற்கு விநாடிக்குச் சுமார் ஒன்றரை லட்சம் கோடியின் பத்து லட்சம் மடங்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். அதில் பத்து லட்சத்துக்கு ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு என்றால், விநாடிக்கு ஒன்றரை லட்சம் கோடி கந்தக அணுக்கள் அந்தச் சிறு பரப்பின் மேல் வந்து இறங்குகின்றன. வினை நடக்கும் மெல்லிய படலத்தில் இருக்கும் நிக்கலின் மேற்பரப்பில் பாதியை மூட, வந்தவை எல்லாம் ஒட்டிக்கொண்டால், ஓரிரு மணி நேரம் போதும். அந்தக் கலம் ஓட வேண்டியதோ பல ஆண்டுகள். சொட்டுச் சொட்டாக வரும் மாசுதான், ஆனால் வாய்க்கால் ஒருநாளும் நிற்பதில்லை.

நல்லவேளையாக, மிகக் குறைந்த அளவில் இந்த நஞ்சு பெரும்பாலும் மீளக்கூடியது. சுத்தமான எரிபொருளைத் திரும்பச் செலுத்தினால் கந்தகம் மெல்ல மெல்லக் கழன்றுவிடும், மின்னழுத்தம் ஏறும். ஆனால் நீண்ட காலம் கந்தகத்திலேயே கிடந்தால் நிக்கலின் அமைப்பே மாறத் தொடங்கும். அந்த இழப்பு திரும்புவதில்லை. வெப்பநிலையும் இதில் ஒரு கட்சி. 1000 டிகிரியில் கந்தகம் அவ்வளவாக ஒட்டுவதில்லை. 700 டிகிரியில் இறுகப் பற்றிக்கொள்ளும். மின்கலத்தின் செலவைக் குறைக்க வெப்பநிலையை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இறக்க இறக்கக் கந்தகத்துக்குக் கொண்டாட்டம்.

இன்னொரு அடியும் உண்டு. இயற்கை எரிவாயுவில் இயங்கும் கலங்களில், மீத்தேனை நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் உடைக்கும் வேலையையும் அதே நிக்கல்தான் செய்கிறது. ஹைட்ரஜன் வினையைவிட இந்த மீத்தேன் வினையைக் கந்தகம் கடுமையாகத் தாக்குகிறது. மீத்தேன் உடைவது வெப்பத்தை உறிஞ்சும் வினை. அது நின்றுபோனால் எரிபொருள் குறைவதோடு, கலத்துக்குள் எந்த இடம் சூடு, எந்த இடம் குளிர்ச்சி என்ற கணக்கும் குலைந்துவிடும். பீங்கானுக்கு அந்தக் குலைவு ஆகாது, விரிசல் விடும்.

ஆகவே, மனிதர் மூக்குக்காகக் கலந்ததை மின்கலத்தின் வாசலில் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. துத்தநாக ஆக்சைடு நிரப்பிய சூடான கலன், சியோலைட், கிளர்வூட்டிய கரி ஆகியவை இதற்கான வடிகட்டிகள். ஜப்பானில் வீடுகளுக்கு விற்பனையாகும் எனெஃபார்ம் வகை எரிபொருள் மின்கலக் கருவிகளில் 2011 முதல் திட ஆக்சைடு கலமும் வந்தது. நகரக் குழாய் வாயுவில் இயங்கும் அவற்றினுள் கந்தக நீக்கி கட்டாயம் உண்டு. கந்தகத்தைத் தாங்கும் மின்முனையையே செய்துவிடும் முயற்சியும் நடக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மெய்லின் லியு குழு, பேரியம், சிர்க்கோனியம், சீரியம், இட்ரியம், இட்டர்பியம் சேர்ந்த ஓர் ஆக்சைடை நிக்கலோடு கலந்தபோது கந்தகத்தையும் கரிப்படிவையும் அது தாங்கியதாக 2009இல் அறிவித்தது. அந்த ஆக்சைடு நீர் மூலக்கூறுகளைப் பற்றி வைத்திருப்பதால், கந்தகமும் கரியும் ஒட்டியதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து வெளியேறுகின்றன என்பது விளக்கம். ஆய்வக அளவில் அருமையான வேலை. என்றாலும் தொழிற்சாலைகள் இன்றுவரை நம்பியிருப்பது பெரும்பாலும் வடிகட்டியைத்தான்.

கரிப்படிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீராவி குறைந்தால் நிக்கலின் மேல் கார்பன் இழைகள் முளைத்து நிக்கலையே பெயர்த்தெடுத்துவிடும். போதிய நீராவி சேர்ப்பது மருந்து. நிலக்கரி வாயுவில் வரும் பாஸ்பரசும் ஆர்செனிக்கும் வேறு ரகம். கந்தகத்தைப் போல மேற்பரப்பில் உட்கார்ந்து எழுந்து போகிறவை அல்ல அவை. நிக்கலோடு சேர்ந்து நிக்கல் பாஸ்பைடு, நிக்கல் ஆர்செனைடு என்று புதிய சேர்மங்களாகவே உருமாறி, எரிபொருள் நுழையும் பக்கத்திலிருந்து உள்நோக்கி மின்முனையைத் தின்றுகொண்டே போகும். இந்த இழப்புக்கு மீட்சி கிடையாது.

சிலாக்சேன்களின் கதையில் சற்று நிற்கலாம். ஷாம்பு, முகப்பூச்சு, தலைமுடிக்குப் பூசும் திரவங்கள் ஆகியவற்றில் வழவழப்புக்காகச் சேர்க்கப்படும் சிலிக்கான் சேர்மங்கள் இவை. எளிதில் வினைபுரியாதவை, தோலை உறுத்தாதவை. அதனால்தான் அழகுப் பொருள்களில் இடம்பிடித்தன. குளித்த நீரோடு சாக்கடைக்குப் போய், சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றில் ஒட்டி, அந்தச் சேற்றிலிருந்து கிடைக்கும் வாயுவில் ஆவியாகக் கலந்துவிடுகின்றன. மின்கலத்தின் வெப்பத்தில் அவை சிதைந்து சிலிகாவாக, அதாவது மிக நுண்ணிய மணலாக, மின்முனையின் துளைகளில் படிகின்றன. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிபொருளில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு அளவுக்குச் சிலாக்சேன் கலந்து சோதித்தபோது, கலம் சில பத்து மணி நேரத்திலேயே செயலிழந்தது. படிந்த மணலைச் சுத்தமான வாயு அகற்றுவதில்லை. மாசுகளில் இதையே நான் மிகக் கொடியதாகக் கருதுகிறேன்.

ஆனாலும் சாக்கடை வாயுவில் இந்த மின்கலத்தை ஓட்ட முடியும் என்று இத்தாலியில் காட்டியிருக்கிறார்கள். தூரின் நகருக்கு அருகே கொலேஞோ கழிவுநீர் நிலையத்தில், ஐரோப்பிய ஒன்றிய நிதியுடன், பின்லாந்தின் கான்வியான் நிறுவனக் கலங்கள் 2017இல் ஓடத் தொடங்கின. தூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் திட்டத்தை ஒருங்கிணைத்தது. அங்கே உழைப்பின் பெரும்பங்கு வாயுவைக் கரி வடிகட்டிகளில் சுத்தம் செய்வதிலும், சுத்தமாகிவிட்டதா என்று அளந்துகொண்டே இருப்பதிலும் கழிந்தது. கரி நிரம்பிவிட்டதா என்பதை மின்கலம் நொந்துகொண்ட பிறகு அறிவதில் பயனில்லை.

இனி காற்றுப் பக்கம். நினைவில் வைக்கச் சொன்ன உலோகத் தகடு இங்கேதான் வருகிறது.

1970களிலும் 80களிலும் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த குழாய் வடிவக் கலங்கள் 1000 டிகிரி அளவில் இயங்கின. அந்தச் சூட்டைச் சாதாரண எஃகு தாங்காது. கலங்களை இணைக்க லாந்தனம் குரோமைட் என்ற பீங்கானைப் பயன்படுத்தினார்கள். விலை அதிகம், செய்வதும் கடினம். 1990களில் மின்பகுளியை மிக மெல்லியதாக்கி, வெப்பநிலையை 700 முதல் 800 டிகிரிக்கு இறக்கியபோது எஃகுக்கு வழி திறந்தது. பெரும் மகிழ்ச்சி. ஆனால் எஃகோடு குரோமியமும் உள்ளே வந்தது.

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காமல் இருப்பது குரோமியத்தால். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுப் படலம் உருவாகி, உள்ளே இருக்கும் இரும்பை மூடிவிடுகிறது. மின்கலத்துக்கான எஃகில் இருபது சதவீதத்துக்கும் மேல் குரோமியம் உண்டு. அலுமினியம் கலந்த எஃகைப் போடலாமே என்று கேட்கலாம். அலுமினியம் ஆக்சைடுப் படலம் இன்னும் உறுதியானதுதான். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது. கலத்துக்குக் கலம் மின்னோட்டத்தைக் கொண்டுசெல்ல வேண்டிய தகட்டில் மின்கடத்தாப் படலம் வளர்ந்தால் என்ன பயன்? குரோமியம் ஆக்சைடு அந்தச் சூட்டில் ஓரளவு கடத்தும். வேறு வழியில்லாமல்தான் குரோமியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் படலம் சூடான ஈரக் காற்றில் சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜனோடும் நீராவியோடும் சேர்ந்து, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஆக்சிஹைட்ராக்சைடு என்ற வாயுவாகக் கிளம்புகிறது. மிகச் சொற்ப அளவுதான். ஆனால் கலத்தைக் குளிர்விக்க, வினைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு காற்று அதன் வழியே ஓடுகிறது. ஓடும் காற்றோடு குரோமியமும் மின்முனைக்குப் பயணமாகிறது. ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் கிளாஸ் ஹில்பெர்ட் குழு இந்த ஆவிகள் எவை, எவ்வளவு என்பதை 1996இல் அளந்து வெளியிட்ட பிறகு, இந்தச் சிக்கலை ஒதுக்கிவைக்க யாராலும் முடியவில்லை.

வந்த குரோமியம் எங்கே படிகிறது என்பது மின்முனையின் பொருளைப் பொறுத்தது. லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட் மின்முனையில், ஆக்சிஜன் அயனியாகும் அதே முச்சந்தியில், பீங்கான் தகட்டை ஒட்டியே படிகிறது. ஏன் சரியாக அங்கே? இதில் இரு தரப்பு உண்டு. ஆக்சிஜனைப் போலவே குரோமிய ஆவியும் அங்கே எலக்ட்ரான்களைப் பெற்றுத் திண்மமாகிவிடுகிறது என்பது ஒரு தரப்பு. ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சான் பிங் ஜியாங் அதை மறுத்தார். மின்னோட்டத்தின் திசையைத் திருப்பினாலும் குரோமியம் படிவதை அவர் குழு கண்டது. எலக்ட்ரான் பெறுவதுதான் காரணம் என்றால் அப்போது படியக் கூடாது. மின்முனையிலிருந்து வெளிப்படும் மாங்கனீஸ் அயனிகள் குரோமியத்துக்கு வித்தாக அமைகின்றன என்பது அவர் விளக்கம். எனக்கு இந்த இரண்டாம் விளக்கமே வலுவாகத் தோன்றுகிறது. மின்முனைப் பொருளை மாற்றினால் படியும் இடமும் மாறுவதை அது இயல்பாக விளக்கிவிடுகிறது.

இன்று அதிகம் பயன்படும் லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் கோபால்ட் ஃபெரைட் மின்முனையில் மாங்கனீஸ் இல்லை. அதில் சூடேறும்போது ஸ்ட்ரான்ஷியம் மேற்பரப்புக்கு ஒதுங்கி வருகிறது. குரோமியம் அதோடு சேர்ந்து ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் ஆகிறது. காற்று முதலில் படும் வெளிப்பரப்பில் அது படலமாக வளர்ந்து ஆக்சிஜனின் வழியை அடைக்கிறது. போதாக்குறைக்கு, மின்முனையிலிருந்து ஸ்ட்ரான்ஷியத்தை உருவி அதன் கடத்தும் திறனையும் குறைக்கிறது. இந்த ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் மஞ்சள் நிறப் பொருள். விமானங்களின் அலுமினிய உடலை அரிப்பிலிருந்து காக்கப் பூசும் அடிப்பூச்சில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வந்தது இதே பொருள்தான்.

ஸ்ட்ரான்ஷியத்துக்குக் குரோமியத்தின் மேல் மட்டும் ஈர்ப்பு இல்லை. நகரக் காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடோடு சேர்ந்து சல்பேட் ஆகும். கலத்தின் ஓரங்களை அடைக்கப் பயன்படும் கண்ணாடியிலிருந்து ஆவியாகும் போரானோடும் சேரும்.

குரோமியத்துக்கு மருந்துகள் இரண்டு. ஒன்று, எஃகின் மேல் மாங்கனீஸ் கோபால்ட் ஆக்சைடைப் பூசுவது. அது மின்சாரத்தை விடும், குரோமியத்தை விடாது. மற்றொன்று, காற்று கலத்தை அடையும் முன்பே குரோமியத்தைப் பிடித்துவிடுவது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பிரபாகர் சிங் குழு இதற்காக உருவாக்கிய பொருளில் ஸ்ட்ரான்ஷியமும் நிக்கலும் இருக்கின்றன. மின்முனையைக் கெடுத்த அதே ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் வினையை, மின்முனைக்கு முன்னால் ஓர் இடத்தில் நடக்கவிட்டு, குரோமியத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்தத் துறையில் நான் படித்த தீர்வுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இது. எதிரியின் குணத்தை ஆழமாக அறிந்தவர்களால்தான் இப்படி யோசிக்க முடியும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் திணறுகிறார்கள்? காலம்தான் காரணம். அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு, 1000 மணி நேரத்துக்கு 0.2 சதவீதத்துக்கு மேல் திறன் குறையக் கூடாது என்பது. கலம் 40,000 மணி நேரம், அதாவது நாலரை ஆண்டுகள், ஓட வேண்டும். அவ்வளவு மெல்லிய தேய்வைச் சில வாரச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. மாசைக் கூட்டி வேகப்படுத்தினால் வேறு வினைகள் நடந்துவிடும். பத்து லட்சத்தில் நூறு பங்கு கந்தகம் ஒரு நாளில் செய்வது, ஒரு பங்கு கந்தகம் நூறு நாளில் செய்வது அல்ல. யூலிக் மையம் 2007இல் தொடங்கிய ஒரு சிறு அடுக்கு, 700 டிகிரியில், 100,000 மணி நேரத்தைத் தாண்டி 2019 வரை ஓடியது. வியக்கத்தக்க சாதனை. ஆனால் அது ஆய்வகத்தில், மாசில்லாத ஹைட்ரஜனில் ஓடியது. குழாய் வாயுவும் தெருக்காற்றும் அவ்வளவு கருணை காட்டா.

இந்த மின்கலத்தை அமெரிக்காவில் பெரும் வணிகமாக்கிய ப்ளூம் எனர்ஜியின் நிறுவனர் கே.ஆர். ஸ்ரீதர் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம் ஊருக்கும் இந்தக் கலங்கள் வரும், வர வேண்டும். சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் போன்ற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் சேற்று வாயுவைக் கொண்டு ஏற்கெனவே இயந்திரங்களை ஓட்டி மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். அதே வாயுவை எரிபொருள் மின்கலத்துக்குக் கொடுக்கலாமே என்ற யோசனை எந்த நகராட்சியில் எழுந்தாலும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் ஒரு வேலையைச் செய்யுங்கள். அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடும் சிலாக்சேனும் எவ்வளவு என்று கோடையிலும் மழைக்காலத்திலும் சேர்த்து ஓராண்டு அளந்து, அந்த எண்களைப் பொதுவில் வெளியிடுங்கள். வடிகட்டியின் அளவும் செலவும் அந்த எண்களிலிருந்தே முடிவாக வேண்டும். நம் கல்லூரி வேதியியல் துறைகளில் உள்ள வாயு நிறப்பகுப்புக் கருவிகள் அதற்குப் போதும்.